அத்தியாயம் 4: கருந்திரையில் ஒரு விலைப்பட்டியல்

ஆனைக்குட்டம் பக்கம் ஆடி பிறந்துவிட்டால் வெடிக்கடைகளில் முதலில் கேட்கும் கேள்வி, "புது ரேட்டு வந்துருச்சா?" என்பதுதான். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத் தீபாவளி விற்பனையைத் தொடங்குவது சிவகாசி வட்டாரத்தின் வழக்கம். அதற்குள் விலைப்பட்டியல் தயாராகி, அச்சகத்துக்குப் போய், தாளாகக் கடைக்குத் திரும்பியிருக்க வேண்டும். விருதுநகர் சாலையில் வரிசையாக இருக்கும் கடைகளில் கணினிமுன் உட்காருபவர் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் படித்துக்கொண்டிருக்கும் பெண்ணோ பையனோதான். இந்த அத்தியாயம் அவர்களுக்காக.

கையில் எடுத்துக்கொள்ளும் கருவி நானோ. லினக்ஸ் முனையத்தில், அதாவது எழுத்துகள் மட்டும் தெரியும் அந்தக் கருந்திரையில், இயங்கும் எளிய உரைத்திருத்தி. கற்றுக்கொள்ள எடுத்துக்கொள்ளும் வேலை ஒரு வெடிக்கடையின் விலைப்பட்டியல். பொம்மைப் பயிற்சியாக எதையாவது தட்டச்சு செய்து அழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளைக்கும் வேண்டும் என்கிற கோப்பு கையில் இருந்தால்தான் சேமிக்கும் பழக்கம் வரும்.

பட்டியலை ஏன் வெற்று உரையில் வைக்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் டி.டி.பி. மையங்களில் பல ஆண்டுகளாகப் பேஜ்மேக்கரில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பட்டியல்கள் அடிக்கப்பட்டன. அச்சில் அழகாக வந்தன. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் நிற்கும். அதற்குள் "தரைச்சக்கரம்" என்று தேடினால் கிடைக்காது. அந்த மென்பொருளும் எழுத்துருவும் தெரிந்த ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டால் கடைக்காரரின் சொந்தப் பட்டியலே அவருக்கு எட்டாமல் போகிறது. யூனிகோடில் எழுதிய வெற்று உரைக் கோப்புக்கு அந்தக் கதி வராது. எந்தக் கணினியிலும், கைபேசியிலும் திறக்கும். தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. சரக்கின் பெயரும் விலையும் உரைக் கோப்பில் இருக்கட்டும். அலங்காரம் அச்சகத்தின் வேலை.

நானோ எங்கிருந்து வந்தது

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பைன் என்ற மின்னஞ்சல் நிரல் இருந்தது. கடிதம் எழுத அதற்குள் பிக்கோ என்றொரு சிறு திருத்தி. பழகுவதற்கு மிக எளிது. ஆனால் அதன் உரிமம், மாற்றிய வடிவத்தைத் தாராளமாகப் பகிர இடம் தரவில்லை. கட்டற்ற மென்பொருளை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் லினக்ஸ் தொகுப்புகளுக்கு அது ஒத்துவரவில்லை. 1999-இல் கிறிஸ் அலெக்ரெட்டா பிக்கோவைப் போலவே இயங்கும் ஒன்றைப் புதிதாக எழுதினார். முதலில் டிப் என்று பெயர் வைத்தார். யுனிக்ஸில் அந்தப் பெயரில் வேறொரு நிரல் ஏற்கெனவே இருந்ததால் 2000-இல் நானோ ஆக்கினார். 2001-இல் அது குனு திட்டத்தில் சேர்ந்தது.

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் நானோ பெரும்பாலும் நிறுவப்பட்டே வரும். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில், முதல் ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதுவும் டெபியன் வழி வந்ததுதான். வீட்டுப் பரணில் அப்படி ஒரு மடிக்கணினி கிடந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள். இந்த வேலைக்கு அது தாராளம்.

முனையத்தில் வேலை செய்பவர்கள் சிலர் உங்களை வி-யைக் கற்கச் சொல்வார்கள். பில் ஜாய் 1976-இல் எழுதத் தொடங்கிய வலிமையான திருத்தி அது. ஆனால் அதைத் திறந்த புதியவருக்கு எழுத்து அடிக்கவும் தெரியாது, வெளியே வரவும் தெரியாது. முதல் திருத்தியாக அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நானோவில் திறந்த நொடியிலேயே தட்டச்சு செய்யலாம்.

திறப்பது, எழுதுவது, வெளியேறுவது

உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முனையம் திறக்கும். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் என், ஏ, என், ஓ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். கோப்பின் பெயர் தமிழிலேயே இருக்கலாம். நாம் "விலை-2024" என்று வைத்துக்கொள்வோம். பெயருக்குள் இடைவெளி விடாதீர்கள். முனையம் அதை இரண்டு கோப்பாக எண்ணிக்கொள்ளும்.

திரையின் மேல்வரியில் கோப்பின் பெயர் இருக்கும். ஒரு எழுத்தை மாற்றினாலும் வலது மூலையில், கோப்பு மாறியிருக்கிறது, இன்னும் சேமிக்கவில்லை என்ற குறிப்பு தோன்றும். கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியமானவை. அப்போதைக்கு நீங்கள் அழுத்தக்கூடிய விசைகள் அங்கே எழுதியிருக்கும். எழுத்துக்கு முன்னால் ^ குறி இருந்தால் கன்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டும். எம் என்ற எழுத்தும் சிறு கோடும் இருந்தால் ஆல்ட் விசையோடு. பெரிய எழுத்தில் காட்டியிருக்கிறதே என்று ஷிஃப்டைத் தொட வேண்டாம். சில முனையங்களில் ஆல்ட்டை அழுத்தினால் மேலே உள்ள பட்டி திறந்துகொள்ளும். அங்கே எஸ்கேப்பை ஒருமுறை தட்டிவிட்டு, பிறகு எழுத்தைத் தட்டினால் போதும்.

இப்போது பட்டியலை அடியுங்கள். ஒரு சரக்குக்கு ஒரு வரி. பெயர், அளவு, விலை ஆகியவற்றுக்கு நடுவே நெடுங்கோடு. விலைகள் மாதிரிக்குத்தான்:

கம்பி மத்தாப்பு 7 செ.மீ. | பெட்டி | 10
கம்பி மத்தாப்பு 10 செ.மீ. | பெட்டி | 14
கம்பி மத்தாப்பு 12 செ.மீ. | பெட்டி | 18
தரைச்சக்கரம் சிறியது | 10 எண்ணம் | 45
புஸ்வாணம் பெரியது | 10 எண்ணம் | 70
100 வாலா | கட்டு | 30
1000 வாலா | கட்டு | 240

காற்புள்ளியால் பிரிக்காததற்குக் காரணம் உண்டு. 1,200 என்று ஒரு விலை வந்தால் அதற்குள்ளேயே காற்புள்ளி இருக்கும். பிறகு இந்தக் கோப்பை விரிதாளில் ஏற்றும்போது அது இரண்டு கட்டமாக உடையும். வரிசை எண்ணும் அடிக்க வேண்டாம். நடுவே ஒரு சரக்கை எடுத்தால் அதற்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் திருத்த நேரிடும்.

சேமிக்க கன்ட்ரோலுடன் ஓ. கீழே கோப்பின் பெயரைக் காட்டிக் கேட்கும், என்டர் தட்டுங்கள். எத்தனை வரி எழுதப்பட்டது என்று சொல்லும். அந்த எண்ணைப் படித்துப் பாருங்கள். நூற்றிருபது சரக்கு அடித்துவிட்டு எண்பது வரி என்று வந்தால் எங்கோ ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது. வெளியேற கன்ட்ரோலுடன் எக்ஸ். சேமிக்காத மாற்றம் இருந்தால் சேமிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் என்றால் ஒய், வேண்டாம் என்றால் என். மனம் மாறித் திரும்ப வேண்டுமானால் கன்ட்ரோலுடன் சி.

தமிழ்த் தட்டச்சில் இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தமிழ்99 விசைப்பலகையில் ஒய் விசையை அழுத்தினால் ள வரும், என் விசைக்கு ல. நானோவுக்கு அந்தப் பதில் புரியாது. கேள்வி அப்படியே நிற்கும், கணினி உறைந்துவிட்டதாகத் தோன்றும். விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள்.

விண்டோஸ் பழக்கமும் கையை இழுக்கும். நானோவில் கன்ட்ரோல் சி நகலெடுக்காது. நீங்கள் எத்தனையாவது வரியில் இருக்கிறீர்கள் என்று சொல்லும். கன்ட்ரோல் வி ஒட்டாது. அடுத்த பக்கத்துக்குத் தாவும். வெட்டுவதாக எண்ணி கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் வெளியேறும் கேள்வி வரும். செய்ததைத் திரும்பப் பெற ஆல்ட்டுடன் யு. அதையும் மாற்ற ஆல்ட்டுடன் ஈ. புதிய பதிப்புகளில் கன்ட்ரோல் எஸ் சேமித்துவிடும். மிகப் பழைய பதிப்பில் அதே விசை முனையத்தை நிறுத்திவைக்கும். கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் மீண்டும் ஓடும்.

அடிக்கடி சேமியுங்கள். முனையச் சாளரத்தைத் தவறி மூடிவிட்டால், நானோ அவசரமாக ஒரு மீட்புக் கோப்பை எழுதி வைக்கப் பார்க்கும். அதே பெயரின் பின்னால் ஒரு புள்ளியும் சேவ் என்ற சொல்லும் ஒட்டியிருக்கும். யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் மின்சாரமே போனால் அதற்கும் நேரம் இருக்காது. கடைசியாகச் சேமித்தது மட்டும்தான் மிஞ்சும். ஒரு பக்கம் அடித்து முடித்தால் ஒருமுறை கன்ட்ரோல் ஓ என்று கை பழகட்டும்.

புது ஆண்டுப் பட்டியல்

அடுத்த ஆடி வருகிறது. கடையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அண்ணாச்சி, பழைய பட்டியல்ல வாலா வரி இன்னும் கெடக்கு. எடுத்துறட்டுமா?"

"எடுத்துரு தாயி. கோர்ட்டுல தடை போட்டு எத்தன வருசமாச்சு. ஆனா பழசை அழிச்சிராத, கணக்குப் பாக்க வேணும்."

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் வாலா போன்ற சரவெடிகளைத் தடை செய்தது. பேரியம் உப்புக்கும் இணையவழி விற்பனைக்கும் சேர்த்தே தடை வந்தது. சரவெடியை நம்பியிருந்த பட்டறைகளை அந்தத் தீர்ப்பு எப்படிப் பாதித்தது என்பது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். விற்க முடியாத சரக்கு விலைப்பட்டியலில் நிற்கக் கூடாது. வாங்க வருபவர் அதைக் கேட்டு நிற்பார், கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும், ஆய்வுக்கு வருபவர் கண்ணிலும் படும்.

அண்ணாச்சி சொன்ன இரண்டையும் நானோவில் ஒரே மூச்சில் செய்யலாம். "விலை-2024" கோப்பைத் திறந்த உடனே, எதையும் மாற்றுவதற்கு முன், கன்ட்ரோல் ஓ அழுத்துங்கள். பெயர் கேட்கும் இடத்தில் 2024-ஐ அழித்து 2025 என்று மாற்றி என்டர். வேறு பெயரில் சேமிக்கட்டுமா என்று கேட்கும், ஒய். மேல்வரியைப் பாருங்கள், பெயர் மாறியிருக்கும். இனிமேல் செய்யும் மாற்றம் எல்லாம் புதிய கோப்பில்தான் போகும். பழையது தொடாமல் இருக்கும்.

இப்போது கன்ட்ரோலுடன் டபிள்யூ. தேட வேண்டிய சொல்லாக "வாலா" என்று அடித்து என்டர். முதல் வாலா வரியில் போய் நிற்கும். கன்ட்ரோலுடன் கே அழுத்தினால் அந்த வரி முழுதும் போய்விடும். அடுத்ததைத் தேட ஆல்ட்டுடன் டபிள்யூ.

கன்ட்ரோல் கே அழிப்பதில்லை, வெட்டி வைத்துக்கொள்கிறது. கன்ட்ரோலுடன் யு அழுத்தினால் வெட்டியது நிற்குமிடத்தில் வந்து ஒட்டும். கம்பி மத்தாப்பு மூன்று வரியையும் பட்டியலின் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டுமானால், முதல் வரியில் நின்று கன்ட்ரோல் கே-யை மூன்றுமுறை தொடர்ந்து அழுத்துங்கள். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். கடைசிக்குப் போய் ஒருமுறை கன்ட்ரோல் யு. நடுவே அம்புவிசையைத் தொட்டுவிட்டு மறுபடி வெட்டினால், முன்பு வெட்டியதன் இடத்தைப் புதியது பிடித்துக்கொள்ளும். பதற வேண்டாம், ஆல்ட் யு-வைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் பழைய வரிகள் தங்கள் இடத்துக்கு வரும். வெட்டாமல் நகல் மட்டும் எடுக்க ஆல்ட்டுடன் 6.

விலை மாற்றும் இடத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

7 செ.மீ. கம்பி மத்தாப்பு 10 ரூபாயிலிருந்து 12 ஆகிறது. அதே விலையில் இன்னும் பத்துப் பன்னிரண்டு சரக்கும் அப்படியே உயர்கின்றன என்று வையுங்கள். தேடி மாற்றும் விசை ஆல்ட்டுடன் ஆர். முதலில் எதைத் தேட என்று கேட்கும்: 10. பிறகு எதை வைக்க என்று கேட்கும்: 12. முதல் இடத்தில் நின்று, மாற்றட்டுமா என்று கேட்கும். ஒய் என்றால் இது மட்டும், என் என்றால் விட்டுவிட்டு அடுத்தது, ஏ என்றால் எல்லாமே ஒரே அடியாக.

ஏ அழுத்தியவரின் பட்டியலில் என்ன நடக்கும் என்று மேலே உள்ள மாதிரியை வைத்தே பாருங்கள். விலை 12 ஆகிவிட்டது, சரி. கூடவே "கம்பி மத்தாப்பு 10 செ.மீ." என்பது "12 செ.மீ." ஆகிவிட்டது. 12 செ.மீ. என்று வேறொரு சரக்கு ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது. இப்போது ஒரே பெயரில் இரண்டு வரி, இரண்டு விலை. தரைச்சக்கரப் பெட்டியில் 10 எண்ணம் இருந்தது 12 எண்ணம் ஆகிவிட்டது. பெட்டியில் பத்துதான் இருக்கும், பட்டியல் பன்னிரண்டு என்று சொல்லும். இது அச்சாகி ஆயிரக்கணக்கில் வெளியே போய்விட்டால் திரும்ப அழைக்க வழியில்லை.

நானோ எண்ணைப் பார்க்கவில்லை, 1-ஐ அடுத்து 0 வரும் இடங்களை எல்லாம் பார்க்கிறது. தேடும் சொல்லை நீட்டினால் தவறு குறையும். நெடுங்கோடும் இடைவெளியும் சேர்த்து "| 10" என்று தேடினால் "10 செ.மீ." சிக்காது. ஆனாலும் "| 10 எண்ணம்" சிக்கும், "| 100" என்ற விலையும் சிக்கும். ஆகவே பணம் சம்பந்தப்பட்ட கோப்பில் ஏ விசையைத் தொடவே தொடாதீர்கள். ஒவ்வொரு வரியாகக் கண்ணால் பார்த்து ஒய் அல்லது என். இருநூறு வரிப் பட்டியலுக்கு இது பெரிய நேரமே இல்லை.

தமிழ் தாறுமாறாகத் தெரிந்தால்

முனையம் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவுக் கட்டத்தில் வைத்துக் காட்டும் பழக்கம் உள்ளது. தமிழின் கொம்பும் காலும் அந்தக் கட்டத்துக்குள் ஒழுங்காக அடங்குவதில்லை. "வெடி" என்ற சொல்லில் கொம்பு தள்ளி நிற்கலாம், "கொ" பிரிந்து தெரியலாம், நகர்த்தும்போது கர்சர் எழுத்தின் நடுவே நிற்பதுபோல் இருக்கலாம். கோப்பில் ஒன்றும் கெடவில்லை. அதே கோப்பை உபுண்டுவின் சாதாரண உரைத்திருத்தியில் திறந்தால் சரியாக இருக்கும். திரையில் கோணலாகத் தெரிகிறதே என்று அடித்துத் திருத்தப் போனால்தான் உண்மையிலேயே கெடும். சாளரம் எதுவும் இல்லாத வெறும் லினக்ஸ் திரையில் தமிழே தெரியாது, கட்டங்கள்தான் வரும். அங்கே தமிழ்க் கோப்பைத் தொடாமல் இருப்பது நல்லது.

கோப்பின் அளவைப் பார்த்தும் சிலர் திகைப்பார்கள். "விலை" என்று கண்ணுக்கு இரண்டு எழுத்து. கணினிக்கு அது வ, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று நான்கு. தமிழுக்கு ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 12 பைட், வரி முடிவுக்கு இன்னொன்று. கணக்கு சரிதான்.

பழைய பேஜ்மேக்கர் கோப்பையோ வேர்ட் கோப்பையோ நானோவில் திறந்துவிட்டால் திரை முழுக்கக் குப்பையாகத் தெரியும். எதையும் தொடாமல் கன்ட்ரோல் எக்ஸ். சேமிக்கட்டுமா என்று கேட்டால் என். ஒய் அழுத்திவிட்டால் அந்தக் கோப்பு திரும்பத் திறக்காமல் போகலாம். பாமினி உரையை யூனிகோடாக மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு விலைகளை மட்டுமாவது தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

அச்சகத்திலிருந்து போன் வரும்போது

திருத்தம் பார்க்கும் நாளில் வரி எண் இருந்தால் வேலை பாதியாகும். நானோ என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோட்டை ஒட்டிச் சிறிய எல் எழுத்தைச் சேர்த்து, பிறகு கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் இடப்பக்கம் எண் தெரியும். அந்த எண் கோப்புக்குள் எழுதப்படுவதில்லை, திரைக்கு மட்டும்தான். எல்-லுக்குப் பதில் பெரிய பி எழுத்தைக் கொடுத்தால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய வடிவத்தைப் பெயரின் கடைசியில் ~ குறியிட்டு வைத்துக்கொள்ளும். திருத்தம் நடக்கும் நாட்களில் இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம்.

அச்சகத்துக்கு ஒரு மெய்ப்பு, கடைக்கு ஒரு மெய்ப்பு, திரையில் தெரியும் வரி எண்ணை இரண்டிலும் பேனாவால் குறித்துவிடுங்கள். "பதினேழாவது வரில புஸ்வாணம் விலை எழுபதா, எழுபத்தஞ்சா?" என்று அவர்கள் கேட்டால், கோப்பின் பெயருக்கு முன்னால் +17 என்று சேர்த்துத் திறங்கள். கர்சர் நேராகப் பதினேழாவது வரியில் நிற்கும். விலையைத் திருத்துங்கள், கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ்.